ஜி.எஸ்.டி. சாலையும் இறுகிய கார்ப் பூட்டும்

கார்க் கதவின் பூட்டு என்று சொல்லப்படுவது உண்மையில் இரண்டு தனித்தனிப் பொறிகள். சாவி நுழையும் உருளை வெளியே தெரியும். கதவின் விளிம்பில் தகட்டுக்குள் மறைந்திருக்கும் தாழ் கண்ணில் படாது. சாவி திரும்பும்போது உருளையின் பின்பக்கத்திலிருந்து போகும் மெல்லிய கம்பி ஒன்று தாழை விடுவிக்கிறது அல்லது முடக்குகிறது. தாழ் போய்க் கவ்வும் கொக்கி காரின் தூணில் திருகப்பட்டிருக்கும். பட்டறையில் அதற்கு ஸ்ட்ரைக்கர் என்று பெயர். வீட்டுக் கதவில் நாதாங்கி செய்யும் வேலையைத்தான் அது காரில் செய்கிறது. கீல், கைப்பிடி, கைப்பிடியின் ஸ்பிரிங், கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங் ஆகியவையும் இந்தக் கூட்டத்தில் சேரும். ‘லாக் டைட்டா இருக்கு’ என்று வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவருக்கு இவை எல்லாமே லாக்தான். மெக்கானிக்குக்கோ இறுக்கம் எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

இந்தச் சிறு பொறிக்குச் சென்னையின் தெற்குப் புறநகரான தாம்பரம் வட்டாரத்தில் ஓர் உள்ளூர் வரலாறு உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் கார் ஆலைகளில் ஒன்று தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை ஒட்டி நின்றது. பூட்டைக் கெடுக்கும் உப்புக்காற்று, கல்தூசி, வெள்ளம் ஆகிய மூன்றுக்கும் இந்த வட்டாரத்தில் குறைவில்லை. கெட்டதைப் பிரித்துச் சரிசெய்த பட்டறைகளும் அதே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே வளர்ந்தன.

கார்க் கதவின் முன்னோர் கோச் வண்டியின் கதவு. சென்னை மவுண்ட் ரோட்டில் பெயர் பெற்ற சிம்சன் நிறுவனம் 1840-ல் கோச் வண்டி கட்டும் பட்டறையாகத்தான் தொடங்கியது; 1903-ல் அங்கே ஒரு நீராவிக் கார் உருவானது. கோச் வண்டியின் கதவில் ஸ்பிரிங் வைத்த நாக்கு ஒன்று இருக்கும். சாத்தினால் தானே மாட்டிக்கொள்ளும், கைப்பிடியைத் திருகினால் விடுபடும். சாவி கிடையாது, வண்டியோட்டி எப்போதும் வண்டியிலேயே இருந்ததால் தேவையும் எழவில்லை. தொடக்ககாலக் கார்களும் அப்படித்தான். கார் வைத்திருந்தவர் டிரைவரும் வைத்திருந்தார், அந்த டிரைவர்தான் பூட்டு. மேற்கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார்கள் 1920களில் பெருகி, உரிமையாளரே ஓட்டிச் சென்று தெருவில் நிறுத்திவிட்டுப் போகும் பழக்கம் வந்த பிறகே கதவில் சாவித்துளை அவசியமானது.

அந்தச் சாவித்துளையை மலிவாக்கியது வார்ப்புத் துத்தநாகம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் 1924-ல் பித்தளைக்குப் பதில் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துப் பூட்டு உருளை செய்யத் தொடங்கியது. உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் தலைமயிர் போன்ற ஒரு ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் உருளையின் மட்டத்துக்கு இறங்கி, உருளை திரும்ப வழிவிடும். திண்டுக்கல் பூட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நெம்புத் தகடுகளால் இயங்குவது. கையால் ராவிப் பொருத்திய கனமான பொறி. ஒரு சொட்டு எண்ணெயில் ஆண்டுக்கணக்கில் ஓடும், கொஞ்சம் துருவையும் பொறுத்துக்கொள்ளும். கார்ப் பூட்டின் தகடுகள் விரல் நகத்தைவிடச் சிறியவை. ஒரு மணல் துகள் சிக்கினாலே ஒரு தகடு நின்றுவிடும். வீட்டுப் பூட்டுக்குச் செய்யும் பக்குவத்தைக் கார்ப் பூட்டுக்கும் செய்ததில்தான் பல கார்ப் பூட்டுகள் கெட்டன.

பெருங்களத்தூரின் கதை 1948-ல் ஆரம்பிக்கிறது. சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து அந்த ஆண்டு ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தை ஏற்படுத்தின. முதலில் வந்தது வான்கார்ட். பிறகு ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட். உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாமல் வெறுமனே பொருத்தி விற்கும் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்று 1953-ல் இந்திய அரசு முடிவெடுத்தபோது ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் நாட்டைவிட்டு வெளியேறின. பெருங்களத்தூர் ஆலை நிலைத்தது. கல்கத்தாப் பக்கத்து அம்பாசடர், பம்பாயின் ஃபியட் ஆகிய இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது பெயராகச் சென்னையின் ஸ்டாண்டர்ட் அமைந்தது. செங்கல்பட்டு ரயிலில் போகிறவர்களுக்கு அந்த ஆலை வண்டலூருக்கு முன் வரும் அடையாளமாக இருந்தது.

1961-ல் அங்கிருந்து வெளிவந்த ஹெரால்ட், பூட்டு வரலாற்றில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கார். இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த இந்தக் கார் 1959-ல் பிரிட்டனில் டிரயம்ப் ஹெரால்டாக அறிமுகமானது. அந்தக் காலத்தில் மற்ற நிறுவனங்கள் உடலையும் சட்டத்தையும் ஒரே கூடாகப் பற்றவைக்கத் தொடங்கிவிட்டிருந்தன. ஹெரால்டோ பழைய முறையில் தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாகத் திருகிப் பொருத்திய உடல் கொண்டது. அடிபட்ட துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பது அதன் வசதி. கதவு சாத்துமிடத்தில் அந்த வசதியே தொல்லையானது. குண்டும் குழியுமான சாலையில் சில ஆண்டு ஓடிய பிறகு துண்டுகள் இம்மி இம்மியாக நகர்ந்து, தாழுக்கும் நாதாங்கிக்கும் இடையே இருந்த மட்டம் மாறிவிடும். முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. ஒவ்வொன்றும் நீளம், கனம். கீல் தேயத் தேயக் கதவின் நுனி தொங்கும். தொங்கிய கதவைச் சாத்த ஓங்கி அடிக்க வேண்டும், அடித்தால் தாழ் இன்னும் தேயும். 1968-ல் வந்த மார்க் 3 நான்கு கதவு பெற்றது. பிரிட்டனில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வடிவம் இருந்ததே இல்லை. அது இந்தியாவுக்கென்றே செய்தது. குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்கள் பின் இருக்கையில் நுழைய முன் இருக்கையை மடக்கிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? கதவு சிறிதானதில் கீலின் சுமை குறைந்தது. தாழ் இரண்டு நான்கானதில் மெக்கானிக்கின் வேலை கூடியது.

பிரிட்டனிலிருந்து வடிவம் வாங்கிய கார்களுக்குப் பூட்டின் மரபும் பர்மிங்காமிலிருந்து வந்தது. அங்கே வில்மாட் பிரீடன் என்ற நிறுவனம்தான் பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களுக்குப் பூட்டும் கைப்பிடியும் செய்தது. அந்தக் கார்களின் சாவிகள் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசையில் அடங்கும். பலவற்றில் அந்த எண் பூட்டின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சாவி தொலைந்தால் எண்ணைச் சொல்லிப் புதுச் சாவி வாங்கிவிடலாம். எண்ணைப் படிக்கத் தெரிந்த எவரும் வாங்கலாம் என்பதை அந்தக் காலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையில் இருந்த வெட்டுகளும் சில நூறுதான். தேய்ந்துபோன சாவி பக்கத்து வீட்டுக்காரர் காரையும் திறந்துவிட்ட கதைகள் அந்தத் தலைமுறைக் கார்க்காரர்களிடம் ஏராளமாகக் கிடைக்கும்.

இனி இந்த வட்டாரத்தின் காற்றும் மண்ணும். தாம்பரத்திலிருந்து கடல் நேர்கோட்டில் சுமார் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததும் ஈரப்பதம் ஏறும். அதோடு நுண்ணிய உப்பும் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பாலவாக்கம், நீலாங்கரை வீடுகளின் கார்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். துத்தநாக உருளை, பித்தளைத் தகடு, எஃகு ஸ்பிரிங் என்று மூன்று உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு குட்டி பாட்டரி. அதில் முதலில் அரிபடுவது துத்தநாகம். அரிப்பு வெள்ளைப் பொடியாக வெளிவந்து, உருளைக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. பழைய பூட்டைக் கழற்றினால் கொட்டும் அந்த வெள்ளைத் தூளைப் பலர் தூசி என்று தட்டிவிடுகிறார்கள். அது பூட்டின் சதை.

தூசியும் தனியாக உண்டு. பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் பல தலைமுறையாகச் சென்னைக்குக் கருங்கல் ஜல்லி கொடுத்தவை. அந்தப் பாறையின் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இருந்த கல்லை ஆராய்ந்து, 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரைக் கொடுத்தார். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்பதும், பல்லாவரமும் பரங்கிமலையும் இந்தப் பாறைக்கு உலகப் பெயர் பெற்ற இடங்கள் என்பதும் நிலவியல் மாணவர்கள் அறிந்த செய்தி. பூட்டுக்காரர்களுக்கு வேண்டிய செய்தி வேறு. சார்னோகைட்டில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, பித்தளை ஏறக்குறைய 3, துத்தநாகம் அதைவிடக் குறைவு. கிரஷர்களும் டிப்பர் லாரிகளும் கிளப்பிவிடும் தூள் சாவித்துளைக்குள் போனால், சாவியைப் போட்டுத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அரத்தால் ராவுவது போலத்தான். சாவியும் தேயும், தகடும் தேயும்.

பக்கத்துக் குரோம்பேட்டையின் பெயரைக் கேட்டு, கைப்பிடிகளுக்குக் குரோம் முலாம் பூசிய ஊரோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அது ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் 1912-ல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். குரோம் உப்பில் பதனிட்ட தோலுக்கும் கதவுக் கைப்பிடிக்கும் உறவில்லை.

பருவங்களும் பூட்டின் மேல் தங்கள் கைவரிசையைக் காட்டும். அக்னி நட்சத்திர நாட்களில் ரயில் நிலைய வாசலில் காலை முதல் மாலை வரை வெயிலில் நிற்கும் காரில் பீடிங் இளகிக் கதவோடு ஒட்டிக்கொள்ளும். தாழுக்குள் இருக்கும் கிரீஸ் எண்ணெய் பிரிந்து காய்ந்து பிசினாகும். ஐப்பசியில் மழை பிடிக்கும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. கண்ணாடியை ஒட்டி வழியும் நீர் கதவின் உட்கூட்டுக்குள் இறங்கி, அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகளைச் சேறோ, பெயிண்ட் அடித்தபோது வழிந்த பூச்சோ அடைத்திருந்தால் கதவு ஒரு தண்ணீர்த் தொட்டி. மழைக்குச் சற்று முன்னால் ஆயுத பூஜை வருகிறது. காரைக் கழுவிச் சாவித்துளையின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பவர்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். காய்ந்த சந்தனம் சாவியோடு உள்ளே போனால் என்ன ஆகும் என்பதைப் பூட்டைப் பிரிக்கிறவர் அறிவார்.

இறுகிய பூட்டைச் சரிசெய்யும் முறை அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் காலத்தில் உருவானது. அதன் முதல் படி இன்றைக்கும் மாறவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திறந்த நிலையில் இலகுவாகத் திரும்பி, சாத்தியபின் இறுகினால் குற்றம் பூட்டில் இல்லை. கீல் தொங்கியிருக்கிறது அல்லது ஸ்ட்ரைக்கர் நகர்ந்திருக்கிறது. கதவின் கைப்பிடிப் பக்கத்தை இரு கையாலும் தூக்கிப் பார்த்தால் கீலின் ஆட்டம் தெரிந்துவிடும். ஸ்ட்ரைக்கரின் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, கதவைச் சாத்தி, தாழே அதைத் தன் மட்டத்துக்கு இழுத்துக்கொள்ளவிட்டுப் பிறகு இறுக்குவது பழைய கைகளின் வழி. அதை விட்டுவிட்டுத் தாழில் கிரீஸை அப்பினால் ஒரு வாரம் தாங்கும்.

கதவு திறந்திருக்கும்போதும் சாவி இறுகினால், அடுத்து உருளையா கம்பியா என்று பார்க்க வேண்டும். உள்ளேயிருக்கும் லாக் குமிழைக் கையால் ஏற்றி இறக்கினால் அது கம்பியையும் தாழையும் மட்டும் இயக்கும். அது சுலபமாக ஓடினால் பழி உருளையின் மேல். ஓடாவிட்டால் டோர் பேடைக் கழற்ற வேண்டும். அந்தக் காலத்து டோர் பேட் ரெக்சின் ஒட்டிய அட்டை. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் பின்னைத் தட்டி எடுத்துவிட்டு, ஸ்குரு டிரைவரால் சுற்றிலும் நெம்பினால் கையோடு வந்துவிடும். தாழைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைப்பார்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வேஸ்ட் துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, நகரும் இடங்களில் மட்டும் கிரீஸ் தொட்டு மாட்டுவார்கள். உடைந்த ஸ்பிரிங்குக்கு வேறொரு காரின் ஸ்பிரிங், தேய்ந்த நாக்குக்கு ஒரு பொட்டு கேஸ் வெல்டிங், பிறகு அரம். இவ்வளவையும் மரத்தடியில் ஒரு வைஸ் மட்டும் வைத்துக்கொண்டு செய்யமுடிந்தது. புதிதாகத்தான் வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு; பழையது போதும் என்றால் புதுப்பேட்டை. கழித்துக்கட்டிய கார்களைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில் பூட்டு, கைப்பிடி, கண்ணாடி ரெகுலேட்டர் எல்லாம் குவியலில் கிடந்தன. தாம்பரத்து மெக்கானிக்குக்கு அது எழும்பூர் வரை ஒரு மின்ரயில் பயணம்; சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது.

உருளைக்கு என்ன இடுவது என்பதில்தான் தவறுகள் மலிந்தன. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது தேங்காய் எண்ணெய். விட்டதும் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும், எல்லோருக்கும் திருப்தி. அந்த எண்ணெய் கல்தூசியைப் பிடித்து வைத்துக் களிம்பாக்கும். போதாக்குறைக்கு, தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் குளியலறைப் பாட்டிலில் நடப்பது பூட்டுக்குள்ளும் நடக்கும். தையல் மெஷின் எண்ணெய் உறைவதில்லை, ஆனால் தூசியை அதுவும் விடாது. உருளைக்கு ஏற்றது ஈரமில்லாத கிராஃபைட் தூள். அடுக்கடுக்கான அதன் மென்மையான படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், தூசியும் ஒட்டாது. அந்தக் கனிமத்துக்குத் தமிழ்நாட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் வெட்டி எடுக்கிறது. அதுவும் கிடைக்காதபோது பள்ளிக்கூடப் பென்சில் உதவியது: மிருதுவான பென்சிலால் சாவியின் இருபுறமும் கறுக்கத் தீட்டி, உள்ளே விட்டு எடுத்து, இருபது முப்பது முறை திருப்பினால் போதும். 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவான டபிள்யூ.டி.-40 பிற்காலத்தில் எல்லாப் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. நீரை விரட்டவும் துருவை இளக்கவும் அது நல்லது. அதை அடித்துவிட்டு அப்படியே விட்டால் போதும் என்று நினைப்பது தேங்காய் எண்ணெய்த் தவறின் நவீனப் பதிப்பு. அது கழுவும் திரவம். கழுவியபின் உலரவிட்டுக் கிராஃபைட் இட வேண்டும். தாழுக்கு இது பொருந்தாது. அங்கே பாரம் அதிகம், கிரீஸ்தான் நிற்கும்.

மெக்கானிக்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் சாவி போடுகிறவர். பெரிய வளையத்தில் நூற்றுக்கணக்கான சாவிகளைக் கோத்துக் குலுக்கியபடி, பூட்டு ரிப்பேர், குடை ரிப்பேர் என்று குரல் கொடுத்துப் போனவர்களும், தாம்பரம், பல்லாவரம் சந்தைப் பக்கம் நடைபாதையில் ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்தவர்களும் கார்ச் சாவியையும் செய்தார்கள். முறை எளிது. வெட்டில்லாத சாவியை உள்ளே விட்டு அழுத்தித் திருப்பினால் தகடுகள் படும் இடத்தில் நுண்ணிய தடம் விழும். அந்தத் தடத்தை ராவி, மறுபடி விட்டுப் பார்த்து, மறுபடி ராவி, கடைசியில் உருளை திரும்பும். பூட்டின் இன்றைய நிலைக்கு ஏற்பச் செய்ததால் அந்தச் சாவி நன்றாகவே ஓடியது. தேய்ந்த சாவியைப் பார்த்து எடுத்த டூப்ளிகேட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அசலின் தேய்மானம் நகலில் அப்படியே இறங்கும்; நகலுக்கு நகல் எடுத்தால் இன்னும் மோசம். பூட்டு இறுகிவிட்டதாக வரும் புகார்களில் ஒரு பங்கு உண்மையில் சாவியின் குற்றம். இரண்டாம் சாவி இருக்கிறதா என்று முதலில் கேட்பது அதனால்தான்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்களுக்கு இந்தத் தொழிலின் இன்னொரு கருவி கை கொடுத்தது: கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் இடையே நுழையும் மெல்லிய இரும்புப் பட்டி. உள்ளே ஓடும் கம்பியை அதால் எட்டிவிட முடிந்ததால் ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது. திருடனுக்கும் அதே ஐந்து நிமிடம்தான். பிற்காலக் கார்களில் கம்பிக்கு மேல் மூடிகள் வந்தது இதை முன்னிட்டே.

ஹெரால்டின் உற்பத்தி 1971-ல் நின்றது. அடுத்த ஆண்டு வந்த கெஜல், ஹெரால்டையே உள்நாட்டில் உருமாற்றிச் செய்த கார். 1977 வரை தயாரானது. அதன்பின் பெருங்களத்தூர் ஆலை வேன்களோடு காலம் தள்ளியது. இதற்குள் வடக்கே காற்று மாறிவிட்டது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வாங்கியவர் கையில் கொடுத்தார். அந்தச் சாவி திறந்த கதவு மெலிந்த தகட்டால் ஆனது, விரலால் தள்ளினாலே சாத்திக்கொண்டது. ஓங்கி அறைந்தே பழகிய கைகளுக்கு அது பொம்மைக் கதவாகத் தெரிந்தது. டோர் பேட் பிளாஸ்டிக் கிளிப்புகளில் நின்றது. பழைய முறையில் ஸ்குரு டிரைவரால் நெம்பினால் கிளிப்புகள் பட்பட்டென்று உடையும். உடைந்த கிளிப்போடு மாட்டிய பேட் ஓடும்போதெல்லாம் கடகடக்கும். டிங்கர் பட்டறைகள் புதிய கைப்பழக்கம் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் காலம் எடுத்தது.

பெருங்களத்தூரின் கடைசி முயற்சி 1985-ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000. உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1, எஞ்சின் மட்டும் பழைய வான்கார்ட் வழியில் வந்த 1991 சி.சி. ஆடம்பரக் காரின் விலையும் பழைய எஞ்சினின் இழுவையும் ஒத்துப்போகவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது, ஆலையும் மூடியது. விற்காமல் கிடங்கில் தங்கிய எஸ்.டி.1 உதிரிபாகங்கள் அங்கேயே பல ஆண்டு கிடந்தன.

ஜி.எஸ்.டி. சாலைக்குக் கார் ஆலை மறுபடி வந்தது 1990களின் பிற்பகுதியில். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை எழுந்து, 1999-ல் ஐகானை வெளியிட்டது. மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோவைக் கொண்டுவந்திருந்தது. தாம்பரம் தெருக்களில் புதுக் கார்கள் நிறைந்தன. அவற்றோடு சென்ட்ரல் லாக் வந்தது: ஒரு கதவைப் பூட்டினால் நான்கும் பூட்டும். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு குட்டி மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் கம்பியை இழுத்தன. சில ஆண்டுகளில் ரிமோட்டும் வந்ததும், ‘டக்’ என்ற ஓசையோடு கதவு திறப்பது சாதாரணமாகிவிட்டது. இந்த மோட்டார், இறுகிய தாழைக் கொஞ்சகாலம் மறைத்துவிடும். கைக்கு உறைக்க வேண்டிய கனம் மோட்டாருக்குப் போகிறது. ஒருநாள் பல்சக்கரம் தேய்ந்து ஓசை மட்டும் வரும், கதவு திறக்காது.

ரிமோட்டால் வந்த பெரிய மாற்றம் வேறு. சாவித்துளைக்குள் சாவி போவதே நின்றுபோனது. தினம் நாலு முறை திரும்பிய உருளை தன் தூசியைத் தானே கொஞ்சம் தள்ளிக்கொண்டிருந்தது. ரிமோட் காரின் உருளையை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடுவதில்லை. பல கார்களில் ஓட்டுநர் கதவில் மட்டுமே உருளை. சிலவற்றில் அதுவும் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஏழெட்டு ஆண்டு கழித்து ஒரு மழைநாளில் பாட்டரி இறங்கியதும், அவசரச் சாவியை உருவிச் செருகினால் உள்ளே வெள்ளைப் பொடி கெட்டித்து நிற்கும். வலிந்து திருப்பினால் சாவி முறியும். மாதம் ஒருமுறை சாவியால் திறந்து மூடுவதும், மழைக்காலத்துக்கு முன் கொஞ்சம் கிராஃபைட் ஊதுவதும் செலவில்லாத காப்பு. ஆனால் சர்வீஸ் பட்டியலில் அதற்கென்று ஒரு வரி இருப்பது அரிது.

2015 டிசம்பர் இந்த வட்டாரத்துப் பூட்டுகளுக்கு ஒரு பெரிய சோதனை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு தலைதூக்கும் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர் வரதராஜபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் வீடுகளுக்குள் புகுந்தது. வாசலில் நின்ற கார்கள் இருக்கை வரை, சில இடங்களில் கூரை வரை, மூழ்கின. வெள்ளநீர் மழைநீரைப் போன்றதல்ல. ஏரி வண்டலும் சாக்கடையும் கலந்தது. கதவுக்குள் புகுந்த நீர் வடிந்தாலும் வண்டல் அங்கேயே தங்கிவிடும். அது காய்ந்தபின் தாழ் சிமென்ட் பூசியது போலாகும், மோட்டாரின் செம்பு முனைகளில் பச்சை பூக்கும். அவசரத்தில் ரிமோட்டை அழுத்திப் பார்த்தவர்கள், ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்து நல்ல மோட்டாரையும் இழந்தார்கள்.

மூழ்கிய காருக்குச் செய்ய வேண்டியது இதுதான்: முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். டோர் பேடையும் அதன் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாளையும் எடுத்துவிட்டு, வண்டல் காய்வதற்குள் நல்ல தண்ணீரால் உட்கூட்டைக் கழுவி, அடித்துளைகளைக் குத்தித் திறந்து, இரண்டு நாள் காயவிட வேண்டும். தாழுக்குப் புதுக் கிரீஸ், உருளைக்கு நீர் விரட்டியும் பிறகு கிராஃபைட்டும். அம்பாசடரின் தாழ் இந்த வைத்தியத்தில் பிழைத்துக்கொள்ளும். தாழும் மோட்டாரும் உணர்கருவியும் ஒரே கூட்டில் அடைபட்ட இன்றைய கார்களில் பெரும்பாலும் முழுக் கூட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் மறுபடி நீர் நின்றது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. பூட்டைப் பற்றிய முன்யோசனை என்று அதைச் சொல்ல முடியாது. எஞ்சினுக்காகச் செய்தது பூட்டுக்கும் பயன்பட்டது.

சாவி போடும் தொழிலும் வளைந்து கொடுத்தது. சேலையூர், மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கம் இன்று சாவிக் கடைகளில் அரத்துக்குப் பக்கத்தில் கணினி இருக்கிறது. சாவியின் தலைக்குள் ஒரு சில்லு. அதன் குறியீட்டைக் கார் ஏற்றுக்கொண்டால்தான் எஞ்சின் உயிர்பெறும். வெட்டு மட்டும் பொருந்திய சாவி கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது. மறைமலை நகரின் ஐகான் பிறந்த ஃபியெஸ்டா குடும்பத்துக்கு ஐரோப்பாவில் ஃபோர்டு வைத்த டிப்பி வகைப் பூட்டோ வேறு ரகம். ஸ்பிரிங் இல்லாத ஆறு வட்டத் தகடுகளும், தட்டையாக இல்லாமல் உருண்ட சாவியும் கொண்டது அது. நடைபாதைக் கைகளுக்குப் பழகிய தட்டை அரம் அதில் செல்லுபடியாகவில்லை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது; 2022 ஜூலையில் மறைமலை நகரின் கடைசிக் கார் வெளிவந்தது. அந்தக் கார்களுக்கு இனி பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பூட்டும் தேடப்படும். புதுப்பேட்டைக்கு அதில் சிரமமில்லை.

பெருங்களத்தூர் ஆலையின் சொத்துகள் 2006-ல் ஏலத்துக்கு வந்தன. கிடங்கில் மிஞ்சியிருந்த ரோவர் எஸ்.டி.1 உதிரிபாகங்களை இங்கிலாந்தின் லிங்கன் பக்கத்து ரிம்மர் பிரதர்ஸ் என்ற வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். பழைய டிரயம்ப், ரோவர் கார்களுக்குப் பாகம் விற்பது அவர்கள் தொழில். பெருங்களத்தூர் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஹெரால்டை இன்னும் வைத்திருக்கும் சென்னைக்காரர் கதவின் தாழ் அடியோடு தேய்ந்துபோனால் முதலில் மெக்கானிக்கிடம் வெல்டிங்கும் அரமும் போதுமா என்று கேட்கிறார். போதாதென்றால் இங்கிலாந்திலிருந்து தபாலில் தருவிக்கிறார்.